வாளைத் தூண்டிலும் வாயில் வராத பேரும்

பரிசல் தொழில்ல தண்ணி உள்ள வரதுக்கு முன்னாடியே பொண்டாட்டிக்குப் பயம் உள்ள வந்துடுமுங்க.

எழுபதுகளோட கடைசியில ஆரம்பிச்சு எண்பதுகள்ல பாதி வரைக்கும், மேட்டூர் அணைத் தண்ணியில நானும் எங்க ஊட்டுக்காரரும் ஒரே பரிசல்ல மீன் புடிச்சோம். எங்க பக்கம் புருஷன் பொண்டாட்டி ஜோடியாத்தான் தண்ணிக்குப் போவாங்க. கரையோரமா வலை போட்டுக் கெண்டை புடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க எல்லாம் நல்லாத் தூங்குவாங்க. நாங்க போனது நடுத்தண்ணிக்கு. ரெண்டு மலைக்கு நடுவுல பழைய ஆத்துப் பள்ளம் கெடக்குற எடம். அதுக்கு அடியில, சேத்தோட சேறாப் படுத்திருக்கும் வாளை. சிலது ஒரு ஆளு நீளம்கூட இருக்கும். கல்லு கட்டின கயித்துல வரிசையாத் தூண்டில் முள்ளு மாட்டி அடி வரைக்கும் எறக்கணும். அவரு எறக்குவாரு, நான் துடுப்பு புடிப்பேன். கயிறு போய்க்கிட்டே இருக்கும். அடி தட்டுற வரைக்கும் நான் முழத்தை எண்ணிக்கிட்டே இருப்பேன்.

புருஷனை லாரிக்கும் போர் போடற ரிக்குக்கும் அனுப்பிட்டு ராப்பகலா ரோட்டையே பாத்துட்டு இருந்த அக்கா தங்கச்சிங்களே, உங்க பாடு எனக்குத் தெரியும். ஆனா நீங்க ஊட்டுல இருந்து பயந்தீங்க. நான் எதுத்தாப்புல உக்காந்து, அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் பயந்தேன். எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.

தறிக்காரர் கை

எங்கப்பன் வழியில எல்லாரும் பரிசல்காரங்க. எங்க ஊட்டுக்காரரு அப்படி இல்லீங்க. ஜலகண்டாபுரத்துல தறி ஓட்டுற ஊட்டுப் புள்ள. கல்யாணம் முடிஞ்சு எங்க ஊட்டோட வந்து தங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவரு. அதுவரைக்கும் தண்ணின்னா கொடத்துல இருக்கறதுதான் அவருக்கு. நீச்சல் சுத்தமா வராது. எனக்கு வரும், ஆனா சேலையக் கட்டிக்கிட்டு எவ்வளவு தூரம் நீந்தறது?

அது போதாதுன்னு ஒரு பழக்கம். நூலு கண்டா தறிக்காரர் கை சும்மா இருக்காதுங்க. தூண்டிக் கயித்தை எறக்கி முடிச்சதும், மிச்சக் கயித்தை இடது கையில ரெண்டு சுத்து, மூணு சுத்துன்னு சுத்திக்குவாரு. அவருக்கே தெரியாது. பேசிட்டே சுத்துவாரு, பீடி குடிச்சிட்டே சுத்துவாரு. அடியில கெடக்குறது பெரிய உசுரு, ஒரு இழுப்பு இழுத்தா கயித்தோட ஆளும் போயிடும். எங்க ஆளுங்க யாரும் கையில சுத்த மாட்டாங்க, பரிசல் விளிம்பு மூங்கில்லதான் கட்டுவாங்க. நான் கத்துவேன், கெஞ்சுவேன், துடுப்பால தண்ணிய வாரி மூஞ்சியில அடிப்பேன். அவரு சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாரு: "நூலு அறுந்தா தறி சொல்லும், மீனு கடிச்சா கை சொல்லும். நீ துடுப்பைப் பாரு புள்ள."

கோழிக்குடலும் கண்டக்டரும்

வாளைக்கு நாத்தம் வேணும். எவ்வளவு நாறுதோ அவ்வளவு இஷ்டம் அதுக்கு. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில என்ற தம்பி வேலைக்கு இருந்தான். அவன் கோழிக்குடல் சேத்து வெப்பான், நான் போய் வாளியில வாங்கிட்டு வருவேன். வாளி வாயில ஈரத்துணி, அதுக்கு மேல தட்டு, அதுக்கு மேல இன்னொரு துணின்னு கட்டி, கர்ப்பிணிய ஏத்தற மாதிரி பஸ்ஸுல ஏத்துவேன்.

சித்திரை வெயில்ல ஒருக்கா வந்தேன் பாருங்க. சங்ககிரி தாண்டறதுக்குள்ள என்னையச் சுத்தி இருந்த சீட்டெல்லாம் காலி. நின்னுட்டு இருந்த சனங்ககூட உக்கார வரலை. எனக்கு ரெண்டு மனசு. கண்டக்டரு என்னைய எறக்கி உட்டுட்டா நாளைக்கு அவரு நடுத்தண்ணிக்குப் போக மாட்டாரு, அது நல்லது. ஆனா போகலைன்னா அடுப்பு எரியாது, அது கெட்டது. சாமியக் கும்புடறேன், எதைக் கேட்டுக் கும்புடறதுன்னு தெரியலை. கண்டக்டரு மூக்கைத் துண்டால மூடிக்கிட்டு வந்து எதுக்குன்னு கேட்டாரு. மீனுக்குன்னு சொன்னேன். அவரு வாளியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுக் கேட்டாரு: "ஏம்மா, உங்க மீனுக்கு மூக்கே கெடையாதுங்களா?"

ஏனுங்க

புருஷன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு சொல்லித்தான் எங்கம்மா என்னைய வளத்தாங்க. கரையில இருக்கறவளே சொல்ல மாட்டா. நடுத்தண்ணியில இருக்கற நான் ஆயுசோட வெளையாட முடியுங்களா? அவரு பேரோட பாதி வரக்கூடாதுன்னு, சந்தையில மிளகாக்குக்கூட வேற பேரு வெச்சிருந்தேன். செடி மிளகான்னுதான் கேப்பேன். கடைக்காரருக்கும் பழகிப் போச்சு.

அதனால தண்ணியில எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒரே கூப்பாடுதான்: ஏனுங்க. ஒரு நாளு மேக்கால காத்து திரும்பறதைப் பாத்துட்டேன். ஆடிக் காத்து அந்தப் பள்ளத்துல பூந்துச்சுன்னா பரிசலைத் தட்டு மாதிரி சுழட்டும். "ஏனுங்க, போதுமுங்க, கெளம்பலாமுங்க!"ன்னு கத்துனேன். சுத்துவட்டாரத்துல இருந்த பரிசல்ல எல்லாம் ஆம்பளைங்க தலையத் தூக்கிப் பாத்தாங்க. பாக்காத ஒரே ஆளு எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தவருதான்! கரைக்கு வந்ததும் பக்கத்துப் பரிசல் கண்ணம்மா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு வந்தா. "ஏங்க்கா, நாள்பூரா நான் கத்துனாலும் அசையாத என்ற மனுசன், நீ ஒருக்கா கூப்புட்டதும் துடுப்பை எடுத்துட்டாரே, அந்த மந்திரத்தை எனக்கும் சொல்லிக் குடு!"

அஸ்தம்பட்டியில் பேர் கேட்டவர்

நான் பயந்தது ஒரு நாளு நடந்துச்சு. வாளை இழுத்த இழுப்புல கையில சுத்தியிருந்த கயிறு உள்ளங்கைய அறுத்துடுச்சு. அந்த மீனை எப்படி மேல ஏத்துனோம்னு இன்னைக்கும் எனக்கு நெனப்பு இல்லை. என்ற சேலையெல்லாம் ரத்தம். மேட்டூர்ல கட்டு கட்டி, நரம்பு போயிருக்கும், சேலத்துல காட்டுங்கன்னுட்டாங்க. அஸ்தம்பட்டியில ஒரு டாக்டரு கிட்டப் போனோம். எங்க ஊட்டுக்காரரை உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. வெளிய இருந்த கம்பவுண்டரு பேரு கேட்டாரு.

உள்ள அவரு கத்துறது கேக்குது, வெளிய இவரு பேரைக் கேக்கறாரு. வாய் வரைக்கும் வந்து நின்னுக்குச்சு. கதவுல ஒரு பச்சைத் திரை தொங்குச்சு. அதைக் காட்டுனேன். "திரையா?"ன்னாரு. இல்லைன்னு தலையாட்டிட்டு, அதோட நெறத்தைப் பாருங்கன்னேன். சன்னலுக்கு வெளிய இருந்த வேப்பமரத்தைக் காட்டுனேன். "வேம்பனா? வேலப்பனா?"ன்னு அவரும் பாவம், பரீட்சை எழுதறவராட்டம் வேத்துப் போனாரு. கடைசியில பேனாவை மூடிட்டுச் சொன்னாரு: "ஏம்மா, உள்ள இருக்கற ஆளுக்கு நீ சொந்தமா, இல்லை வழியில பாத்துக் கூட்டிட்டு வந்தியா?"

சந்தையில் வாளைத் தலை

கை தேறிடுச்சு, ஆனா ரெண்டு வெரலு முழுசா மடங்காமப் போச்சு. இனிமே தறிக்கும் திரும்ப முடியாதுன்னு அப்பத்தான் எங்களுக்கு ஒறைச்சது. தறியில நூலைக் கொண்டு போற நாடா அந்தக் கையில ஓடாது. தண்ணிய விட்டா வேற போக்கு இல்லை. நான் அழுத அழுகையில, இனி கையில சுத்த மாட்டேன்னு என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு.

கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி, கண்ணம்மா ஊட்டுக்காரரு புடிச்ச ஒரு வாளைய ஜலகண்டாபுரம் சந்தைக்கு நாங்க கொண்டு போனோம். அவரு ஊருக்காரங்கதான் எல்லாரும், கடனுக்காச்சும் வாங்குவாங்கன்னு. பலகை மேல தலைய வெச்சேன். வாயி காது வரைக்கும் கிழிஞ்சு, உள்ள ஊசி ஊசியாப் பல்லு. அவரு பக்கத்துல கட்டுப் போட்ட கையோட உக்காந்திருந்தாரு. அவரோட தறியில ஒண்ணா வேலை பாத்த ஒரு பெரியவரு வந்தாரு. மீனைப் பாத்தாரு, கையப் பாத்தாரு, மறுக்கா மீனைப் பாத்தாரு. என்னைய ஓரமாக் கூப்புட்டு மெதுவாச் சொன்னாரு: "வாலுப் பக்கமே போடு தாயி, அந்தத் தலை உன்ற புருஷனையே பாத்துட்டு இருக்குது."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. நான் அந்தத் தலையச் சாக்குல சுருட்டிப் பலகைக்குக் கீழ தள்ளிட்டேன்.

மார்கழிப் பனி

சத்தியம் பண்ணினதுல இருந்து கயித்தை மூங்கில்லதான் கட்டுனாரு. கடைசி முனையில ஒரு காலி எண்ணெய் டின்னையும் கட்டச் சொன்னேன், கயிறு போனாலும் டின்னு மெதந்து காட்டிக் குடுக்கும்னு. கார்த்திகை வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. வந்திருக்கக்கூடாது.

மார்கழியில ஒரு விடியக்காலம். தண்ணிக்கு மேல பனி அப்படியே நிக்குது. பரிசல் விளிம்பைத் தாண்டி ஒண்ணும் எனக்குத் தெரியலை. பக்கத்துப் பரிசல்ல ஆளுங்க இருமுறது மட்டும் கேக்குது. குளிருக்கு அவரு ஒடுங்கி உக்காந்துக்கிட்டு, வர்ற பொங்கலுக்கு என்ன சேலை வேணும்னு கேட்டாரு. நான் பதில் சொல்ல வாயத் தொறக்கறேன், அவரு இடது கை கண்ணுல பட்டுச்சு. மூங்கில்ல இருந்து கயித்தை அவுத்து, சுத்திக்கிட்டு இருக்குது. பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. "கைய..."ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள பரிசல் சுத்துச்சு. ஒரு சுத்தா, பத்து சுத்தா தெரியலை. நின்னப்போ எதுத்தாப்புல யாரும் இல்லை. டின்னும் இல்லை.

வட்டமான பரிசல் சுத்தி நின்னா முன்னால எது, பின்னால எதுன்னு தெரியாதுங்க. எந்தப் பக்கம் உழுந்தாருன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? "ஏனுங்க! ஏனுங்க!"ன்னு அடிவயித்துல இருந்து கத்துனேன். "என்ன புள்ள?"ன்னு வலது பக்கம் ஒரு குரல். "என்ன?"ன்னு பின்னால ஒரு குரல். "இங்கதான் இருக்கறேன்"னு இன்னொரு பக்கம். பனிக்குள்ள இருந்த ஆம்பளைங்க எல்லாம் அவங்கவங்க பொண்டாட்டி கூப்புடறான்னு பதில் சொல்றாங்க. எல்லாக் குரலும் அந்தக் குளிர்ல ஒண்ணாட்டந்தான் இருக்குது. வலது பக்கம் துடுப்பைப் போட்டு வேகமாப் போனேன். பனி வெலகுனா, அங்க கண்ணம்மாவும் அவ புருஷனும் என்னைய முழிச்சு முழிச்சுப் பாக்கறாங்க. அவ்வளவு தூரம் தப்பான பக்கம் வந்துட்டேன்.

மறுக்காவும் "ஏனுங்க"ன்னேன். மறுக்காவும் எல்லாரும் பதில் சொன்னாங்க. அந்தக் கூச்சலுக்குள்ள அவரு குரலும் இருந்திருக்கும், நீச்சல் தெரியாத மனுசன், எத்தனை தடவை கூப்புடுவாரு? சொன்னா ஆயுசு கொறையுமாம். சொல்லாட்டி ஆயுசே இல்லையே! துடுப்பைக் கீழ போட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

"பச்சியப்பா!"

அப்பப்பா, அந்த எடமே அமைதியாப் போச்சு. ஒரு ஆம்பளை வாயத் தொறக்கலை. இருமல்கூட நின்னுடுச்சு. "பச்சியப்பா! பச்சியப்பா!"ன்னு பைத்தியக்காரியாட்டம் கத்துனேன். அந்த அமைதியில, எனக்குப் பின்னால, தொலைவுல இருந்து ஒரே ஒரு குரல் வந்துச்சு. "இங்க... புள்ள..."

வாளை கயித்தை அத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. மிச்சக் கயிறு கையோட, அந்த எண்ணெய் டின்னைக் கட்டிப் புடிச்சு மெதந்துட்டு இருந்தாரு. உதடெல்லாம் நீலம். கண்ணம்மா பரிசல் ஓடி வந்து எங்க பரிசலோட அந்தப் பக்க விளிம்பை அமுக்கிப் புடிச்சுக்கிச்சு, இல்லைன்னா கவுந்திருக்கும். நான் முடியப் புடிச்சு இழுத்து உள்ள போட்டேன். போட்டதும் ரெண்டு கையாலயும் முதுகுல அடிச்சேன். அப்புறம் அந்த முதுகுலயே மொகத்தை வெச்சு அழுதேன். சத்தியத்தை மீறுனதுக்கு அழுதேனா, பேரைச் சொன்னதுக்கு அழுதேனா, ஆளு கெடைச்சதுக்கு அழுதேனா, எல்லாத்துக்கும் சேத்துத்தான். கண்ணம்மா ஊட்டுக்காரரு தன்ற துண்டை வீசிட்டு, வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. பல்லு கிட்டிப் போய் நடுங்கிட்டு இருந்த என்ற மனுசன், தலைய மெதுவாத் தூக்கி என்னையப் பாத்துக் கேட்டாரு: "எங்க, இன்னொருக்கா சொல்லு புள்ள."

அன்னையில இருந்து தண்ணிக்குள்ள அவரு பச்சியப்பன், கரையேறிட்டா ஏனுங்க, சந்தையில மட்டும் இன்னைக்கும் நான் கேக்கறது செடி மிளகாதான்.