எத்திராஜ் தேடிய பத்லி

எத்திராஜுக்கு உடம்பு இரும்பாக இருந்தவரை சிக் லீவும் இருந்தது. சிக் லீவு போன பிறகுதான் உடம்புக்கு வந்தது.

அரசாங்கத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். சக தொழிலாளிகள் மச்சினன் கல்யாணத்துக்கெல்லாம் வயிற்றுவலி சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் காய்ச்சலோடு போய் மெஷின் முன்னால் நின்றார். தொண்ணூற்றொன்றில் ரிடையரானபோது எடுக்காத சிக் லீவு இருநூறு நாளுக்கு மேல் கிடந்தது. ரூல்படி அத்தனையும் காலாவதி. அதில் நாலு நாளாவது எடுத்து என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போயிருக்கலாம் என்று அவர் மனைவி சரளா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நியாயமான கோபம்தான்.

ரிடையரான மறு மாதமே பெங்களூர் இன்ஃபண்ட்ரி ரோட்டில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தார். பழைய காலத்து லிஃப்ட். இரும்புக் கிராதிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். மூன்றாம் மாடியில் அரை அடி கீழேயே நின்றுவிடும். கைப்பிடியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினால் மேலே ஏறும். அந்தத் தட்டு எத்திராஜ் கைக்கு மட்டும்தான் தெரியும் என்பது எத்திராஜின் அபிப்பிராயம். மர்பி டவுன் வீட்டிலிருந்து தினமும் எட்டரைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். வாடகை கொடுக்க அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. அதைவிட, எட்டரைக்குப் போய்ச்சேர ஓர் இடம் வேண்டியிருந்தது. எட்டு வருடம் இப்படி ஓடியது.

தொண்ணூற்றொன்பதில், அவருடைய அறுபத்தாறாவது வயதில், கதவை இழுக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் வலி வந்தது. ஹெர்னியா, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் கனமாக எதையும் இழுக்கக் கூடாதாம்.

கட்டட மேனேஜர் சந்திரசேகரனிடம் போய் நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் ரூல் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்.

"ரிடையரானவங்களுக்கு சிக் லீவு கிடையாதுங்க எத்திராஜ். பதிலுக்கு ஒரு ஆளைக் குடுத்துட்டுப் போங்க. சும்மா லிஃப்டை நிறுத்த முடியாது."

பதில் ஆள். தொழிற்சாலைப் பாஷையில் பத்லி. ரஜா போட்டவன் இடத்தில் நிற்கிறவன். அன்றைய கூலி பத்லிக்கு. மத்தியானச் சோறு ரஜா போட்டவன் வீட்டிலிருந்து வரும். அது பழைய வழக்கம். ஆனால் தொழிற்சாலையில் பத்லி பத்லியாகவே திரும்பிப் போவான். இங்கே? திடகாத்திரமாக ஒருவனை விட்டால் ஒட்டகம் கூடாரத்துக்குள் தலையை நீட்டின கதைதான். அறுபத்தாறு வயதுக்காரனை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்?

அதனால் எத்திராஜ் ஒரு கணக்குப் போட்டார். தன்னைவிட வயதில் மூத்தவனாக, தன்னைவிடச் சீக்காளியாக ஓர் ஆளை நிறுத்திவிட்டால், கட்டடமே "எத்திராஜ் எப்ப வருவார்" என்று ஏங்கும். கெட்டிக்காரத்தனமான கணக்கு. அற்பமான கணக்கும்கூட. அப்போது அவருக்கு முதல் பாதிதான் தெரிந்தது.

ஜோகுபாளையத்தில் மகன் வீட்டு முன்னறையில் கோவிந்தப்பா இருந்தார். பழைய பிரஸ் ஷாப் கூட்டாளி, எழுபது வயது. மெஷின் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டிருந்தது. இழுப்பு வேறு. மனைவி போய் மூன்று வருடம். அன்று முதல் தாடியும் லுங்கியுமாக டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் எத்திராஜுக்கு உள்ளுக்குள் திருப்தி. இதைவிடப் பொருத்தமான ஆள் பெங்களூரிலேயே கிடைக்காது.

"அண்ணா, ஒரு மாசம் எனக்கு பத்லி நிக்கறீங்களா?" என்று கத்தினார்.

கோவிந்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரளா தினமும் ஒரு டப்பா சோறு கட்டி, அந்தக் கட்டடத்தில் பெருக்குகிற ஜோசஃபினிடம் கொடுத்தனுப்பினாள். ஜோசஃபின் அடுத்த தெரு. சாயங்காலம் காலி டப்பாவோடு சேதியும் கொண்டுவருவாள். எட்டாம் நாள் கொண்டுவந்த சேதி இது:

"கெழவரு ஷோக்கா கீறாரு மாமா. ஷேவ் பண்ணிகினு, இஸ்திரி சட்ட போட்டுகினு வர்றாரு. காது கேக்காதில்ல, அதனால எல்லாரும் எந்த மாடின்னு வெரலு காட்டறாங்க. பெரிய பெரிய ஆபீசருங்ககூட கொழந்தைங்க மாதிரி வெரலு காட்டறாங்க. ஒரே சிரிப்பு. மூணாவது மாடில லிஃப்டு இப்ப சரியா நிக்குது."

மூன்றாவது மாடி என்றதும் எத்திராஜுக்குத் தூக்கம் போனது. மறுநாள் காலை சட்டையை மாட்டினார்.

"தையலு இன்னும் ஆறல. எங்க போறீங்க?" என்றாள் சரளா.

"வேலைக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா? ஒரு மாசம்னாரு டாக்டரு."

"ஒரு மாசம் படுத்தா அப்பறம் ஆயுசுக்கும் படுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் வந்து நின்றது. கோவிந்தப்பாவை அடையாளம் தெரியவில்லை. பத்து வயது குறைந்திருந்தார். எத்திராஜைக் கண்டதும் ஸ்டூலை விட்டு எழுந்தார். உள்ளே இருந்த நாலு பேரைப் பார்த்துச் சொன்னார்:

"இவர்தான் எத்திராஜ். லிஃப்டு இவருது. நான் பத்லி."

எத்திராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவை இழுக்கக் கை நீட்டினார். பாதி இழுப்பதற்குள் கண் இருட்டியது. கோவிந்தப்பா அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, தானே கதவைச் சாத்தினார். நாலு மாடியும் போய் வந்தார்கள். ஸ்டூலில் ஒருவர், நின்றபடி ஒருவர்.

வராந்தாவில் சந்திரசேகரன் எதிர்ப்பட்டார். "உங்க ஆளு சரியான ஆளுங்க. இங்கியே இருந்துடுங்கன்னு எழுதிக்காட்டினேன். எத்திராஜ் செத்தா சொல்லியனுப்புங்க, அப்ப வரேன், அதுவரைக்கும் பத்லிதான்னு சொல்லிட்டார்."

எத்திராஜை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மத்தியானம் மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து, சரளா அனுப்பிய சோற்றை இரண்டாகப் பிரித்தார்கள். எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னார். கோவிந்தப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரிப் பாவத்தை முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அவர் காது இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கட்டடமே கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று.

"அண்ணா, நீங்க சீக்காளின்னுதான் உங்களைக் கூப்ட்டேன். உங்களால முடியாது, என்னையே திரும்பக் கூப்டுவாங்கன்னு."

மேல்படியில் பெருக்கிக்கொண்டிருந்த ஜோசஃபின் துடைப்பத்தை நிறுத்தினாள்.

கோவிந்தப்பா வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

"அன்னிக்கே தெரியும்ப்பா. ஊர்ல எத்தினி ஆளு கீறாங்க, என்னாண்ட வந்து நின்னா வேற எதுக்கு?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"அவ போனதிலருந்து என்னை எவனும் எதுக்கும் கூப்டல எத்திராஜு. நீ எதுக்குக் கூப்ட்டா இன்னா? கூப்ட்டியே."

எத்திராஜ் அதற்கு மேல் சாப்பிடவில்லை. அழுதார் என்று ஜோசஃபின் சொல்கிறாள். அவர் மிளகாய் என்கிறார். கை கழுவிக்கொண்டு சந்திரசேகரன் அறைக்குப் போனார். பாக்கி மூன்று வாரமும் கோவிந்தப்பாவே பார்த்துக்கொள்வார், தனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். நாற்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வீட்டுக்குப் போய், பட்டப்பகலில், பயமில்லாமல் தூங்கினார்.