அளந்து முடியாத சிவப்பு நட்சத்திரம்

கஸ்தூரி அக்காவின் தம்பி பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து போன் செய்தார். "அக்கா பூட்டாங்கம்மா. உங்க மலை ஆளுங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன். போனில் அழுதவர்களுக்கும், அழ முடியாமல் வைத்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மலையில் நம் வேலை உங்களுக்குத் தெரியும். தள்ளித் தள்ளி வைத்த இரண்டு தொலைநோக்கிகளில் விழும் ஒரே நட்சத்திரத்தின் ஒளியை ஓரிடத்தில் சேர்ப்போம். வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். அவற்றை வைத்து நட்சத்திரம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடுவோம். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால், அது எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்பதிலிருந்து அதன் தூரம் கிடைக்கும்.

கருவிக்காக நாம் அடித்துக்கொள்ளாத நாளில்லை. பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அக்கா அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தார். முதலில் சிரித்தோம். சண்டை நின்றது.

அவருடைய நட்சத்திரம் சிவப்பு. நட்சத்திரங்களை அளக்கும் செயற்கைக்கோளுக்கே கண் கூசும் பிரகாசம்; அதனால் அதன் தூரத்துக்கு ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். அக்கா முதல் அளவை எடுத்துவிட்டார். இரண்டாவது அளவுக்கு அவர் பாடு வந்தபோது வானம் முழுக்க மேகம்.

"அக்கா, நாளைக்கு என் பாடு. நீங்க எடுத்துக்கங்க."

"இன்னாம்மா நீ, உன் பாட்டுல நான் வலை போட்டா ஊர்ல இன்னா சொல்வாங்க?"

"இங்க ஏதுக்கா ஊரு?"

"எங்கூடவே வந்துகீதே" என்று சிரித்தார்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. கெஞ்சியும் அவர் கருவிப் பக்கம் வரவில்லை. அவருடைய அடுத்த பாடு வருமுன் கருவியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தொலைநோக்கிகளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தபோது அவரும் திருப்புளி பிடித்தார். பிறகு நோயோடு ஊர் திரும்பினார்.

காரியத்துக்குப் போயிருந்தேன். தம்பி கேட்டார்: "அந்த நட்சத்திரம் எவ்ளோ தூரம்னு கடைசில தெரிஞ்சுதாம்மா? அக்கா கேட்டுனே இருந்துச்சு."

"தெரியலைப்பா."

"நீங்க அளந்து சொல்லுவீங்கன்னு சொல்லிச்சு."

எதை வைத்து அளப்பேன்? எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. அவர் எடுத்த முதல் அளவும் இந்தக் கோபமும்தான் என்னிடம் மிச்சம். இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைச் சொல்ல முடியாது.