இருபத்தேழாவது கிணறு

அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதில் தண்ணீர் நிரப்பியவன் நான்.

கோவையில் கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கிற சாலையொன்றில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு அடித்துக் கொடுப்பது, பைண்டிங், ஆய்வுக் கட்டுரையை அந்தந்த இதழ் கேட்கிற வடிவத்துக்குக் கொண்டுவருவது, இதுதான் பிழைப்பு. பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் அடுத்தவர் எழுதியதை அடித்து அடித்தே வந்தவை. எழுத்தைவிட எழுதியவர்கள் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதில் பாதி கட்டுரைக்குள் வராது. அந்தப் பாதிதான் எனக்குள் தங்கும்.

அப்படி உட்கார்ந்தவர்தான் அந்த அம்மணி; படிக்க வருகிற பெண்களையெல்லாம் நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். அன்னூர்ப் பக்கம் முப்பது கிணறுகளின் தண்ணீரைச் சோதித்துக் கட்டுரை எழுதியிருந்தார். அது ஓர் இதழில் வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அவர் கொடுத்த கையெழுத்துத் தாளில் இருபத்தேழாவது கிணற்றுக்கு நேரே மட்டும் எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, இது விட்டுப்போச்சுங்களா?" என்றேன்.

"இல்லீங்ணா, அதுல தண்ணியே இல்லீங்க. தோட்டத்துக்காரரைக் கேட்டா, 'கெணறு கண்ணை மூடிக்கிச்சு அம்மணி'ங்கறார். நம்பாம ஒரு கல்லைப் போட்டுப் பாத்தேன். கல்லு மேல கல்லு உழுந்த சத்தந்தான் வந்துச்சு."

கண்ணை மூடிக்கிச்சு! அன்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அட்டவணை அடிப்பதில் எனக்கொரு பழக்கம். ஒரு வரியை முடித்ததும் அதையே நகலெடுத்துக் கீழே ஒட்டிவிட்டு, அதன் மேலே அடுத்த வரியின் எண்களை அடிப்பேன். கட்டங்கள் கோணாமல் நிற்கும். அன்றும் இருபத்தாறை நகலெடுத்து இருபத்தேழாக ஒட்டினேன். மேலே அடிக்க எண் இல்லை. கை தன்பாட்டுக்கு இருபத்தெட்டுக்குப் போய்விட்டது. வாய், தோட்டத்துக்காரர் சொன்னதை யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றுதான் அனுப்பவேண்டிய கடைசி நாள். அம்மணி முன்னுரையையும் முடிவுரையையும் வரிவரியாகப் படித்தார். எண்களின் மேல் கண்ணை மட்டும் ஓட்டினார். தரவுகள் அனைத்தும் உண்மை என்கிற உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார். கட்டுரை வந்தது, பட்டம் வந்தது, ஒரு கல்லூரியில் வேலையும் வந்தது. சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

சில வருடம் கழித்து இன்னோர் ஆய்வாளர் தன் ஆய்வேட்டோடு வந்தார். கொடுமுடிக்காரர், கலகலப்பானவர். அம்மணியின் அட்டவணையை எடுத்தாண்டிருந்தார்.

"இதைப் பாருங்ணா. இருபத்தாறாவது கெணறும் இருபத்தேழாவதும். உப்புல இருந்து எல்லாமே அச்சா ஒண்ணு. ரெண்டுக்கும் அடியில ஒரே ஊத்து ஓடுதுங்க. இத்தன நாள் ஒருத்தர் கண்ணுலயும் படலையே!"

நான் ஒட்டிவிட்டு அழிக்காமல் போன இருபத்தாறின் நகல் அது. அந்த ஊற்றுக்கு அவர் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். படமும் போட்டிருந்தார். பூமிக்கடியில் வளைந்து போகும் ஒரு நீலக்கோடு.

அந்த அத்தியாயத்தையும் அடித்து முடித்தேன். அந்த வாரம் முழுக்க, குழாயைத் திறந்தாலும் டம்ளரைத் தூக்கினாலும் அந்த நீலக்கோடு கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அன்னூர்ப் பக்கம் வண்டியை விட்டேன். விசாரித்து விசாரித்து அந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில். எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு வேலஞ்செடி முளைத்து நின்றது. ஒரு கல்லைப் போட்டேன். அம்மணி சொன்ன அதே சத்தம்.

அங்கே நின்றே அம்மணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்த வருசந்தானுங்ணா என்னை நிரந்தரம் பண்றாங்க. அந்தக் கட்டுரையைக் கணக்குல வெச்சுத்தான்."

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க அம்மணி. சொல்லவும் மாட்டேன்."

"கல்லு போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டனுங்க."

"அப்பறம் எப்படீங்ணா சொல்லாம இருக்கறது?"

மறுநாள் கடைக்கு வந்து, இதழாசிரியருக்குக் கடிதம் சொன்னார். சொல்லச் சொல்ல அடித்தேன். 'தட்டச்சரின் தவறால்' என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். திரையைப் பார்த்தவர், "அதை எடுத்துருங்க" என்றார்.

"உண்மை அதுதானுங்களே அம்மணி."

"பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது நானுங்ணா. நீங்க இதுல வேண்டாம்."

எத்தனையோ பேர் எழுதியதை அழித்த கை. அந்த இரண்டு சொல்லை அழிக்க அதற்கு மனம் வரவில்லை. அவரே எட்டி அழித்தார்.

கொடுமுடிக்காரருக்கும் அவரே சொல்லிவிட்டார். "ஓடற ஊத்தையே மூடிப்போட்டாங்களேங்ணா" என்று சிரித்துக்கொண்டேதான் மனிதர் கடைக்குள் வந்தார். நான் அடித்து வைத்திருந்த அந்த அத்தியாயத்தை வாங்கி, நீலக்கோடு இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் குப்பைக் கூடையில் போட்டார். அப்போது சிரிக்கவில்லை.

இதழ் திருத்தம் வெளியிட்டது. அங்கே இருபத்தேழாவது வரி இப்போது வெறுமையாக இருக்கிறது. கல்லூரி அம்மணியிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. நிரந்தரம் தள்ளிப்போய்விட்டது, இன்னும் முடிவாகவில்லை. கேட்டால், "தூக்கம் வருதுங்ணா, அது போதும்" என்கிறார்.

எனக்கு வருவதில்லை. திருத்தம் இதழின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் இறக்கி வைத்த பழைய கட்டுரை பென் டிரைவ் பென் டிரைவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம்கூட ஒரு மாணவி கொண்டுவந்தார். திறந்தேன். இருபத்தேழாவது கிணறு நிறைந்து நின்றது.

"அம்மணி, இந்தக் கெணத்துல தண்ணி இல்லீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"போட்டிருக்குதுங்களேண்ணா" என்றார்.