ஜூன் மாதத்தில் தடித்திருந்த நாள்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பி, லாரிக்குள்ளும் கப்பலின் அடித்தட்டிலும் கிடந்து, ஒருமுறை பிணத்துக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியவனுக்கு என்ன பயம். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இது நல்ல வெயில் அடித்த மத்தியானத்தில் நடந்தது, அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

2009இல் இத்தாலியின் பலெர்மோவில் இருந்தேன். பல்லரோ சந்தைக்கு மேலே ஓர் அறை. ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவேன், மிச்ச நேரத்தில் நம் ஆட்களின் கம்ப்யூட்டர்களைத் திருத்துவேன். படித்ததில்லை, பார்த்துப் பழகியது. பிரான்காச்சோ அடுக்குமாடியில் இருந்த ஜெயசீலி அக்காவின் மெஷினும் என் பொறுப்புதான். அக்கா ஒரு சிஞ்ஞோராவின், அந்த ஊர்ச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தார். ஒரே மகன் நிறோஷன் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் அகப்பட்டவன். எப்போதாவது யாருடைய போனிலாவது கூப்பிடுவான். அவன் பேசுவதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும்படி நான் செய்து கொடுத்திருந்தேன். மே மாதம் சண்டை முடிந்தது. அதற்கு முன்பே அவன் பேச்சு நின்றுவிட்டது. முகாம்களில் தேடினார்கள், இல்லை.

நவம்பரில் ஆத்துமாக்கள் பூசை வரும். இறந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் மாதா கோவிலில் வாசிப்பார்கள். நிறோஷனின் பெயரைக் கொடுக்கச் சொல்லி அக்காவின் தம்பி அன்ரன் நெருக்கிக்கொண்டிருந்தார். கொடுத்தால், அவன் செத்துவிட்டான் என்று தாயே சொன்னதாகிவிடும். ஒருதரம் அவன் குரலைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் அக்கா. அந்த நேரம் பார்த்து மெஷினில் வைரஸ் ஏறி, ஒரு பதிவும் திறக்கவில்லை.

நான் போனபோது அன்ரன்தான் கதவைத் திறந்தார்.

“டொக்டர் வந்திட்டார். பிழைக்குமோ ஐசே, இல்லாட்டிப் பெட்டிக்குச் சொல்லவோ?”

“வாயை மூடடா. என்ரை பிள்ளையின்ரை குரல் அதுக்குள்ளை கிடக்கு,” என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

எந்த மெஷினிலும் கைவைக்கும் முன் ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் போடுவது என் பழக்கம், வேலை பிழையாகப் போனால் மெஷினை அந்த நாளின் நிலைக்குத் திருப்பிவிடலாம். போட முடியவில்லை என்றது. அணைத்துப் போட்டேன், அதே பதில். அதற்குரிய சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிஸ்க்கில் இடம் போதாதோ என்று அன்ரன் இறக்கி வைத்திருந்த சினிமாப் படங்களை அழித்தேன், அவர் முகம்தான் சுருங்கியது. கடைசி வழி, சிஸ்டம் ரெஸ்டோரையே நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவது. நிறுத்தினால் பழைய பாயிண்ட் ஒன்றுகூட மிஞ்சாது. அப்படியே செய்துவிட்டு அதன் நாட்காட்டியைத் திறந்தேன். பாயிண்ட் உள்ள நாட்கள் அதில் தடித்த எழுத்தில் தெரியும். அன்றைய நாள் ஒன்றுதான் தடித்திருக்க வேண்டும், ஆனால் அது மெலிந்தே கிடந்தது. மாதம் மாதமாகப் பின்னால் போனேன். ஜூனில் ஒரு நாள் தடித்திருந்தது.

ஜூன் முழுக்க அந்த டிஸ்க் என் அறையில், செய்தித்தாளில் சுற்றி, உடுப்புப் பைக்குள் இருந்தது. பவர் சப்ளை எரிந்ததால் நானே கழற்றினேன், ஆகஸ்டில் நானே பூட்டினேன். ஒரு வயரும் தொடாத டிஸ்க்.

அந்த நாளை அழுத்தினேன். பாயிண்டின் பெயர் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். சத்தமாக வாசித்துவிட்டேன்: “சாப்பிட்டிட்டன் அம்மா.”

அக்கா அகப்பையோடு வந்து நின்றார். “நான் கேக்க முதலே அதைத்தான் சொல்லுவான். அங்கை அரிசி இல்லாத நேரத்திலையும் சொன்னவன்.”

“ஆரடா இதிலை விளையாடினது?” அன்ரன் என் சட்டையைப் பிடித்தார்.

“விடடா அவனை. தம்பி, ஜூன் எண்டால் சண்டை முடிஞ்ச பிறகெல்லோ?”

“ஓம் அக்கா.”

“அந்த நாளுக்குப் போக ஏலுமோ?”

“அக்கா, இது மெஷினைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும். ஆக்களை இல்லை.”

“எனக்குத் தெரியும். நீ அழுத்து.”

அழுத்தினேன். மெஷின் அணைந்து, நெடுநேரம் கழித்து எழும்பியது. இத்தாலிய மொழியில் இரண்டு வரி.

“என்னவாம்?”

“திருப்ப முடியேல்லையாம். ஒண்டும் மாறேல்லையாம்.”

அக்கா போய் அடுப்பை அணைத்தார். “அப்ப நான் பேர் குடுக்க மாட்டன்,” என்றார். அன்ரன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

வைரஸைப் பிறகு வேறு வழியில் எடுத்தேன், பதிவுகள் எல்லாம் திறந்தன. பூசையன்று பெயர்கள் வாசிக்கப்பட்டபோது அக்கா மற்றவர்களின் பிள்ளைகளுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அந்தத் திருநாளுக்கு இறந்தவர்கள் வந்து குழந்தைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்களாம். கோவில் வாசலில் சின்னப் பெண்ணொருத்தி பொம்மையின் தலையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தார்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், நான் வடக்கே வேலை தேடிக் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா மெஷினைப் போட்டார், நாட்காட்டியைத் திறக்கத் தானே பழகியிருந்தார். ஜூன் முழுக்க மெலிந்திருந்தது. ஜூலை, ஆகஸ்ட், அதற்குப் பிறகும் அப்படியே. நவம்பர் கடைசியில் ஒரு நாள் தடித்திருந்தது. பெயர் அதேதான்.

“ஞாயிறு ஞாயிறாய்ப் பாக்கிறன் தம்பி. கிட்ட வந்துகொண்டிருக்கிறான்.”

நான் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்தேன். அப்படி வந்துகொண்டிருந்தால், அந்தத் தடித்த நாள் எப்போதோ அன்றன்றைய தேதியை வந்து சேர்ந்திருக்க வேண்டும். அக்காவின் வீட்டு நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. சில நாட்களில் போனைக் கையில் எடுப்பேன். அடித்தால் யார் எடுப்பது என்று தோன்றும், வைத்துவிடுவேன்.