பகலில் நிற்கும் கப்பல்

கற்பிட்டி பஸ் நிலையத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட டைம்கீப்பராக இருந்த இஸ்ஹாக் உல்லாசக் கப்பலில் ஏறப்போகிறார் என்று கதை பரவியபோது, ஊரில் அதை நம்பியவர்கள் குறைவு. களப்பைப் படகில் தாண்டினால் கரைத்தீவு கிட்டத்தான். அவரோ புத்தளத்தைச் சுற்றிப் பஸ்ஸில்தான் போவார். படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"இஸ்ஹாக் நானா, அந்தக் கப்பல்ல நீச்சல் தடாகம் இருக்காமே? கடலுக்கு நடுவுல போறவனுக்கு எதுக்கு தொட்டி?" என்று மீன் வாங்க நின்ற ஒருவர் கேட்டார்.

"தெரியா. நான் குளிக்கப் போகல்ல" என்றார் இஸ்ஹாக்.

எதற்குப் போகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மகன் இன்ஷாப் மஸ்கட்டில் ஒரு சுப்பர் மார்க்கட்டின் களஞ்சியத்தில் வேலை செய்தான். இரண்டு வருடத்துக்கு முன், நோன்பு காலத்தில் ஒரு நாள், விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. இதயம் என்றார்கள். காகித வேலைகள் முடிந்ததும் அங்கேயே ஒரு மையவாடியில் அடக்கிவிட்டார்கள். ஊருக்கு அனுப்பவா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோது, மவுத்தானவரைக் காக்க வைக்கக் கூடாது, அங்கேயே செய்யுங்கள் என்று சொன்னவர் இஸ்ஹாக். மார்க்கப்படி அது சரியான பதில். ஊரிலும் சரி என்றுதான் சொன்னார்கள்.

இன்ஷாபோடு ஒரே அறையில் இருந்த கிளைட்டன், சிலாபத்துப் பையன், ஜனாஸா அடக்கத்தைத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தான். மண்ணள்ளிப் போடும் நேரத்தில் சிக்னல் போய், படம் ஒரு வெள்ளைச் சுவரில் நின்றுவிட்டது. உம்மா ஹிதாயாவும் வாப்பா இஸ்ஹாக்கும் கடைசியாகக் கண்டது அந்தச் சுவரைத்தான். ஹிதாயா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்தில் போவதென்றால் எப்போதோ போயிருக்கலாம். இஸ்ஹாக்கின் நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் இருக்கின்றன, உயரத்துக்குப் போனால் வெடிக்கலாம் என்று டொக்டர் தடுத்துவிட்டார். நிலையத்தில் நின்று குடித்த டீசல் புகை என்பது இஸ்ஹாக்கின் கணிப்பு. டொக்டர் அதை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஹிதாயா தனியாகப் போகச் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது கடல். தென்னங்காணித் துண்டு ஒன்றை விற்றார்கள். பிறகு கப்பல் தேடத் தொடங்கினார்கள்.

தில்லையடியில் ட்ரவல்ஸ் வைத்திருக்கும் சுஹைர் அதுவரை மக்காவுக்கு, உம்றாவுக்கு மட்டும்தான் ஆட்களை அனுப்பியிருந்தார். அதைத் தவிர வேறு பயணம் உலகத்தில் உண்டு என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் கொழும்பிலுள்ள ஒரு கப்பல் கம்பெனி முகவரிடமிருந்து பளபளப்பான இரண்டு புத்தகங்களை எடுப்பித்து மேசையில் வைத்தார்.

"நானா, இது பெரிய கப்பல். பதினேழு தட்டு. சறுக்கி விளையாடுற இடம், சினிமா, ஐஸ்கிறீம் எப்பவும் இருக்கும். கெபினுக்குப் பால்கனி. நம்ம புத்தளம் ஆஸ்பத்திரியவிடப் பெரிசு."

"மஸ்கட்டுக்கு எத்தனை மணிக்கு வரும்?"

சுஹைர் பக்கத்தைப் புரட்டினார். "மஃரிபோட, பொழுது பட வரும். நடுச்சாமத்துல வெளிக்கிடும். 'மஸ்கட்டின் இரவு அழகு' எண்டு போட்டிருக்கி. விளக்கெல்லாம் நல்ல வடிவாம்."

"மையவாடியில விளக்கிருக்காது" என்றார் இஸ்ஹாக்.

சுஹைர் அந்தப் புத்தகத்தை மூடி, மற்றதைத் திறந்தார். அது சின்னக் கப்பல். பழையது. படத்திலேயே பெயின்ட் மங்கலாகத் தெரிந்தது. கொழும்பில் ஆளேற்றி, கொச்சி, மும்பாய், மஸ்கட், துபாய் என்று போய், வந்த வழியே கொழும்புக்குத் திரும்பும். மஸ்கட்டில் காலையில் கட்டி, பின்னேரம் அவிழ்க்கும்.

இஸ்ஹாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நேர அட்டவணையை மட்டும் படித்தார். சாப்பாட்டுப் படங்கள் இருந்த பக்கங்களை அவர் திறக்கவே இல்லை. பஸ்ஸுக்குத் திரை தொங்கவிடுவதும் பாட்டுப் போடுவதும் முதலாளியின் ஆசை. வண்டி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் பயணியின் கவலை. தொழிலில் இருந்த காலம் முழுக்க அவர் கண்டது அது.

"இது சொன்ன நேரத்துக்குப் போகுமா? நிண்டு நிண்டு ஆள் ஏத்தாதே?"

"கடலுக்கு நடுவுல யார நானா ஏத்துற?"

"கேக்கோணும்தானே" என்றார் இஸ்ஹாக்.

கப்பல் முடிவானது. கெபின் மிச்சம்.

கெபின் விசயத்தில் புத்தி சொல்ல அடுத்த தெரு லோறன்ஸ் வந்தார். உல்லாசக் கப்பல்களில் பதினொரு வருடம் துணி துவைத்தவர். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தொடங்கினார்.

"நான் அவ்வளவு காலம் கப்பல்ல இருந்தன், கடலக் கண்டது குறைவு. லோண்டரி அடியிலதானே. ஆனா ஒரு நாள் சத்தி எடுத்ததில்ல. அடி, அதுவும் நடு. அங்கதான் ஆட்டம் குறைவு. நானாக்கு அதுதான் சரி."

"ஜன்னல் இருக்குமா?" என்று உள்ளேயிருந்து ஹிதாயா கேட்டார்.

"சின்ன ஜன்னல் வச்ச அறையும் இருக்கும் ராத்தா. எடுங்க. இல்லாட்டி விடிஞ்சதும் தெரியாது, இருட்டினதும் தெரியாது. நான் ஒருக்கா பகல் எண்டு நினைச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வேலைக்குப் போய் நிண்டனான். ஏச்சும் வாங்கினனான்."

தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம் விழும் என்று இஸ்ஹாக் கேட்டார். ஒரு நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த கேள்வி அது. கட்டில் தலைமாடு எங்கே, கால் எங்கே நீளும் என்று புத்தகத்திலிருந்த வரைபடத்தில் பென்சிலால் அம்புகூடப் போட்டிருந்தார்.

லோறன்ஸ் அந்த அம்பை மரியாதையோடு பார்த்தார். "நானா, கப்பல் திரும்பும்" என்றார்.

இஸ்ஹாக் அம்பை அழித்தார்.

கீழே, நாலாம் தட்டின் நடுவில், சின்ன வட்ட ஜன்னல் வைத்த ஒரு கெபினைக் குறித்துக்கொடுத்தார்கள். சுஹைர் பெயர்களைக் கொழும்பு முகவருக்கு அனுப்பினார். அடுத்த கிழமை அங்கிருந்து ஷானிகா என்றொரு பிள்ளை அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சேர், இஸ்ஹாக் சேருக்கு நாலாம் தட்டுல ஒரு கெபின் கேட்டிருக்கீங்க. அவங்கட மிஸிஸுக்கு ஏழாம் தட்டுல ஒண்டு. ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்டும் இல்ல மிஸ். நாங்க எப்பவும் ஆம்புளயள ஒரு அறையில, பொம்புளயள ஒரு அறையிலதான் போடுறது. நாலு நாலு பேரா."

"அப்ப மத்த ஆறு பேர் எங்க சேர்?"

"அவங்கள நீங்கதானே சேக்கோணும்?"

ஷானிகா விளக்கினாள். மக்காவில் ஐந்து நட்சத்திரம் தேவையில்லை, ஹரம் பள்ளிவாசலுக்குக் கிட்ட இருந்தால் போதும் என்று அறைகளில் ஆட்களை அடுக்கிப் பழகிய சுஹைருக்கு, ஒரு கெபின் ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்பது புதுச் செய்தி. அவர் பிழையைத் திருத்தச் சொன்னார். திருத்துவதற்காக இரண்டு கெபினையும் விட்ட இடைவெளியில், வட்ட ஜன்னல் வைத்த அறையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

சுஹைர் அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் கற்பிட்டிக்கு வந்தார். வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு, வழியில் இனிப்பு வாங்கியிருந்தார். பார்சலைப் பிரித்தபோது அது மஸ்கட் அல்வா. ஹிதாயா துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்தார். சுஹைர் ஒரு துண்டை வாயில் போட்ட பிறகுதான் என்ன வாங்கி வந்திருக்கிறோம் என்று உணர்ந்தார். துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"நானா, என்ட பிழை. இப்ப ஒரேயொரு கெபின்தான் மிச்சம். நாலாம் தட்டு, நடு. ஆனா ஜன்னல் இல்ல. நாலு பக்கமும் சுவர். அது வேணாமெண்டா அந்தப் பெரிய கப்பல்ல பால்கனியோட இருக்கி. நாளைக்குள்ள சொல்லச் சொன்னாங்க."

புத்தளத்தில் குடியிருக்கும் மகள் றுஷ்தா தொலைபேசியில் இருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள்.

"வாப்பா, ஜன்னல் இல்லாத அறையில உம்மாக்கு மூச்சு முட்டும். மூண்டு கிழமைக்கு மேல. பெரிய கப்பலயே எடுங்க. இரவெண்டாலும் கிளைட்டன் கூட்டிட்டுப் போவார்தானே?"

"மஃரிபோட மையவாடி கேட்டப் பூட்டிருவாங்க" என்றார் இஸ்ஹாக். "கேட்டுட்டன்."

"சொல்லி வச்சா திறக்க மாட்டாங்களா?"

"யாருக்கு மகள் சொல்லுற?"

இஸ்ஹாக் ஹிதாயாவைப் பார்த்தார். தனக்கென்றால் பெட்டிக்குள் படுக்கவும் தயார். அவரை அடைத்துவைக்க மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பிறந்ததுல இருந்து கடலத்தான் பாத்துக்கிட்டிருக்கன்" என்றார் ஹிதாயா. "ஜன்னல் வேணாம். பகல்ல நிக்கிறதயே எடுங்க."

அடுத்தது ஹோட்டல். கப்பல் ஏறும் அன்று காலையில் கற்பிட்டியிலிருந்து வெளிக்கிட்டால் போதாதா என்று சுஹைர் இழுத்தார். அதிகாலை பஸ் இருக்கிறதே.

"அந்த பஸ்ஸுகள இவ்வளவு காலம் அனுப்பினவன் நான்" என்றார் இஸ்ஹாக். "நம்ப மாட்டன். முந்தின நாளே போகோணும்."

றுஷ்தா கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றைச் சொன்னாள். காலைச் சாப்பாடு நாற்பது வகையாம். சுஹைர் புறக்கோட்டையில் பள்ளிவாசலுக்குக் கிட்ட ஒன்றைச் சொன்னார். எத்தனை மீட்டர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இஸ்ஹாக் மட்டும் மருதானையில் உள்ள பழைய லொட்ஜின் பெயரைச் சொன்னார். இன்ஷாப் முதல்முறை வெளிநாடு போனபோது மூன்று பேரும் ஓரிரவு தங்கிய இடம்.

"அங்க வேணாம்" என்றார் ஹிதாயா. "மூட்டைப்பூச்சி."

அந்த லொட்ஜில் மூட்டைப்பூச்சி இருந்ததாக இஸ்ஹாக்குக்கு ஞாபகம் இல்லை. மகன் நிலத்தில் பாய் போட்டு, பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு நல்ல நித்திரை கொண்டது ஞாபகம் இருந்தது. ஆனாலும், "ஓம், இருந்திச்சு" என்றார்.

பள்ளிக்குக் கிட்டவே எடுப்பது என்றாயிற்று. சுஹைர் நிம்மதியாக இன்னொரு துண்டு எடுத்தார்.

வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் இஸ்ஹாக் மஸ்கட்டில் இறங்கும் நாளை விளக்கத் தொடங்கினார். கப்பலால் இறங்கியதும் கிளைட்டன் வாகனத்தோடு நிற்பான். மையவாடிக்கு நேரே போவது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் யாஸீன் ஓதி முடித்துவிடலாம்.

"நீ அந்த நேரம் கப்பல்லயே இருக்கலாம் ஹிதாயா. விருப்பமெண்டா துறைமுகத்துக்குப் பக்கத்துல பெரிய சந்தை இருக்காம். கிளைட்டன் விட்டுட்டு வருவான்."

இந்தப் பக்கத்துப் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. தன் வாப்பா மவுத்தானபோது ஹிதாயா நின்றது வீட்டு வாசல்வரைதான். அதற்கு மேல் போகவேண்டும் என்று கேட்டதும் இல்லை. ஆகவே இஸ்ஹாக் இதை ஒரு கேள்வியாகவே நினைத்திருக்கவில்லை. காணி விற்றது, கப்பல் தேடியது, ஜன்னலை விட்டது எல்லாம் தான் உள்ளே போவதற்கு. ஹிதாயா வருவது துணைக்கு. அப்படித்தான் அவர் கணக்கில் இருந்தது.

"நான் எதுக்கு வாறன் எண்டு நினைச்சீங்க?" என்று ஹிதாயா கேட்டார்.

ஹிதாயா இனிப்புத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சந்தைக்கா?"

சுஹைர் தன் தலைக்கவசத்தைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது.

"அங்க பொம்புளயள விடுவாங்களோ தெரியாதே" என்றார் இஸ்ஹாக் கடைசியில்.

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குப் பூட்டும், துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம், வழியில் எத்தனை சிக்னல் விளக்கு, எல்லாம் கேட்டிருந்தார். இதைக் கேட்கவில்லை.

கிளைட்டனுக்கு உடனே அழைப்பு எடுத்தார்கள். அவன் வேலையில் இருந்தான். பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வணக்கம், சுகம் எல்லாம் விசாரித்த பிறகு ஹிதாயா தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"மகன், அங்க மையவாடிக்குள்ள பொம்புளயள விடுவாங்களா?"

"சொல்லத் தெரியல்ல அன்ரி. வாசல்ல நிக்கிற ஆளப் பொறுத்தது. விடுறதும் உண்டு, விடாம இருக்கிறதும் உண்டு. நான் போய்க் கதைச்சுப் பாக்கிறன். நான் வேற சமயம் எண்டாலும் என்னய அந்த மனிசருக்கு நல்லாத் தெரியும். மாசத்துக்கு ஒருக்கா போறனான்தானே."

அவன் போய்வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. இஸ்ஹாக் முகட்டைப் பார்த்தார்.

"விடாட்டி?" என்றார் ஹிதாயா.

"விடாட்டி ரோட்டுப் பக்கத்துச் சுவர் பதிவு அன்ரி, நெஞ்சளவுதான். இன்ஷாப் அந்தச் சுவரோடதான். வெளியில நிண்டா நாலு எட்டுத் தூரம்கூட இருக்காது."

"எந்தச் சுவர்? வெள்ளைச் சுவரா?"

"ஓம் அன்ரி. வெள்ளைதான்."

ஹிதாயா, ஊரில் கல்யாண வீட்டு ஆயத்தம் விசாரிப்பதுபோலக் கேட்டார்:

"அந்தப் பக்கம் நிழல் இருக்கா மகன்? நான் கனநேரம் நிப்பன்."

"மரம் ஒண்டும் இல்ல. நான் குடை கொண்டு வாறன். இருக்கிறதுக்குக் கதிரை ஒண்டும் கொண்டு வாறன், கடையில மடக்குற கதிரை இருக்கு."

"ரெண்டு கொண்டு வாங்க."

"நான் உள்ளுக்குப் போவன்தானே" என்றார் இஸ்ஹாக், மெதுவாக.

"போயிட்டு வந்து இருக்கத்தானே வேணும்" என்றார் ஹிதாயா. "ரெண்டு மகன்."