பழைய கோயிலுக்கு நான் எழுதிய வரலாறு

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக்குச் சொந்தமான பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. வன்னியம்பட்டிப் பக்கம் இடிந்து கிடந்த பழைய மாதா கோயிலின் வரலாற்றை விழா மலருக்கு எழுதித் தரும்படி பங்குப்பேரவைத் தலைவர் கேட்டார். அவர் பஞ்சு வியாபாரி. பள்ளியிலும் அவர் சொல்தான் எடுபடும்.

ஒரு சனிக்கிழமை, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறிப் போனேன். கருவேலம் புதருக்குள் மூன்று சுவர்கள் நின்றன. கிட்டப் போகுமுன்பே மூக்கைப் பொத்திக்கொண்டேன். பீடம் இருந்த மேடு முழுக்க மலம். காய்ந்ததும் அன்று காலையதுமாக. ஈக்கள் அப்பிக் கிடந்தன. ஞானஸ்நானத் தொட்டியில் யாரோ பன்றிக்குக் கழுநீர் ஊற்றியிருந்தார்கள். புழு நெளிந்தது.

"கதவு, உத்தரம், தரையில பாவுன கல்லு, அம்புட்டையும் கொண்டுபோயிட்டாக டீச்சர்" என்றார் உபதேசியார்.

"யாரு?"

"நம்மாளுகதான். பஞ்ச காலத்துல நம்ம முப்பாட்டன்மாரு கூழக் குடிச்சுக்கிட்டு சுண்ணாம்பு இடிச்சுக் கட்டுனது. டவுன்ல புதுக்கோயில் வந்ததும் உரிச்சுப்புட்டாக. கட்டுன சாமியாரோட கல்லறைக்கல்லக்கூட விடல."

அது எங்கே என்று கேட்டேன். தலைவர் வீட்டைச் சொன்னார்.

மறுநாள் அங்கே போனேன். கொல்லைக் குழாயடியில் வேலைக்கார அம்மா அந்தக் கல்லின்மேல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சிலுவையும் எழுத்தும் செதுக்கிய பள்ளங்களில் குடலும் செதிலும் அடைந்திருந்தன.

"அண்ணாச்சி, இது கல்லறைக்கல்லுல்லா?" என்று பின்வாசலுக்கு வந்த தலைவரிடம் கேட்டேன்.

"சும்மா நாய் மோண்டுக்கிட்டுக் கெடந்த கல்லு தாயி. இங்கன வந்து சுத்தமா இருக்கு" என்றவர், பல் குத்திக்கொண்டே, "கோயில் மழையில இடிஞ்சு போச்சுன்னு எழுதிருங்க. ஆமா, ஒங்க வேல இன்னும் பெர்மனென்ட் ஆகலைல்ல?" என்றார்.

அப்படியே எழுதினேன். இரண்டு பக்கம், நல்ல தமிழில்.

திருவிழாவன்று மேடையில் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கீழே இறங்கியபோது உபதேசியார் எதிரே வந்தார். கையில் மலர் இருந்தது.

"மழைன்னு எழுதிட்டியளா டீச்சர்" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைக் கழற்றி எறிந்தேன். அன்று எனக்கு வந்த அருவருப்பில் தலைவருக்கு உரியது கொஞ்சம்தான். வேலை அடுத்த ஜூனில் நிரந்தரமாயிற்று.