சங்கு ஊதும் வரை

மகளை ப்ரீ-கேஜியில் விடப்போன முதல் நாள், அவள் பையிலிருந்து வந்த சத்துமாவு உருண்டையின் வெல்ல வாசம், கோவில்பட்டி நூல் மில்லுக்குப் பின்னால் கரிசல் மண்ணில் பாதி அமிழ்ந்தது போல் நின்ற எங்கள் பால்வாடிக்குள் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் அம்மா, "அழாதட்டி, மில்லுல சங்கு ஊதவும் வந்துருதேன்" என்பாள். சங்கோ ஷிப்டுக்கும் ஊதும், சாப்பாட்டு நேரத்துக்கும் ஊதும், ஒவ்வொரு தடவையும் நான் உருண்டையைப் பாதியில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன், பால்வாடி ஆயா திட்டாமல் கூடவே வந்து நின்று, "இது ஒங்கம்மைக்கு உள்ள சங்கு இல்லட்டி, அடுத்தது" என்று உள்ளே கூட்டிப்போவாள்.

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து, கையில் தீக்குச்சி மருந்து வாடையோடு அம்மா வந்துவிட்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

"சங்கே ஊதல, நீ எதுக்கு வந்த?"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆயாதான் இரண்டு கைகளையும் வாயில் குவித்து, "ஊ..." என்று நீளமாக ஊதினாள். "ஊதிட்டுல்லா, போ தாயி."

அந்த மில்லும் இப்போது இல்லை, பால்வாடி இருந்த இடமும் வீட்டு மனைகளாகிவிட்டது.

"எப்பம்மா வருவ?" என்று மகள் விசும்பினாள். மூன்று மணி என்றால் அவளுக்கு என்ன தெரியும்? சங்கு ஊதவும் வந்துவிடுவேன் என்றேன். எப்படி ஊதும் என்று அவள் காதில் மெல்ல ஊதியும் காட்டினேன்.

மூன்று மணிக்கு, ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்ற பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்க்க, கேட்டில் நின்று கைகளைக் குவித்து ஊதினேன். பாதி உருண்டையோடு ஒருத்தி ஓடி வந்தாள்.